நெட் எங்கே நின்றது?

ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் தடா, அது ஆந்திரம். சென்னை–கூடூர் தடத்தில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம்தான். ஊரை ஒட்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலை, கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். ஷிஃப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் டிப்ளமோ டிரெய்னி, போட்டித் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கும் பெண், ஒடிசாவில் இருக்கும் குடும்பத்தோடு வீடியோவில் பேசக் காத்திருக்கும் வெல்டர், இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு ஏற்ற வேண்டிய இரும்புக் கடைக்காரர் என்று இந்தப் பகுதியில் எல்லாருக்கும் மாலையானால் ஒன்று வேண்டும்: நெட். அது வராத மாலையில் கேபிள்காரரின் போன் ஓயாது.

"நெட் வரலை" என்கிற அந்தப் புகாரில்தான் சிக்கலே தொடங்குகிறது. இரண்டே சொல்லுக்குள் ஐந்து விதமான பழுது ஒளிந்திருக்கும். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை போகும் வை-ஃபை அலை ஒன்று. ரூட்டர் என்கிற பெட்டி ஒன்று. பெட்டிக்கு உயிர் கொடுக்கும் கரண்ட் ஒன்று. பெட்டியிலிருந்து தெருக் கம்பங்கள் வழியாகக் கேபிள்காரர் அலுவலகம் வரை போகும் கண்ணாடி இழை ஒன்று. அதற்கப்பால் இருக்கும் உலகம் ஒன்று. இதில் அறுந்த கண்ணி எது என்று பார்க்காமலே கை வைப்பதுதான் நம்மில் பலருக்கு வழக்கம். ஒரு பழுதாக இருந்தது, கை வைத்த பிறகு மூன்றாகிவிடும்.

பழைய காலத்தில் இந்தத் துப்பு சுலபமாகக் கிடைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது, டெலிபோன் ஒயரில் மாட்டிய மோடம் கீச்சுக் குரலில் கத்தும். டயல் டோன் இல்லையா, எதிர்முனை பிஸியா, கைகுலுக்கல் பாதியில் அறுந்ததா என்பதைப் பழகிய காது சொல்லிவிடும். இன்றைய பெட்டிக்கு வாயில்லை. நாலைந்து சின்ன விளக்குகள்தான் அதன் பேச்சு.

விளக்கைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. லேப்டாப்பில் மட்டும் வரவில்லையா, வீட்டில் எதிலுமே வரவில்லையா? போனை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வை-ஃபையில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். டேட்டாவை அணைப்பது முக்கியம். வை-ஃபை செத்துக் கிடக்க, போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவி "எனக்கு வருதே" என்று ஏமாற்றும். போனில் வந்து லேப்டாப்பில் வராவிட்டால் குற்றவாளி மடியில் இருக்கிறது. கேபிள்காரரைத் திட்ட வேண்டாம். இரண்டிலும் வராவிட்டால் பெட்டியிடம் போக வேண்டும். பாதிப் பிரச்சினை இந்த ஒரு சோதனையில் தீர்ந்துவிடும் என்றாலும் செய்கிறவர்கள் குறைவு.

எல்லை ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ரூட்டரே இல்லாமல் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம். தொலைத்தொடர்புக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், ஆந்திரம் இன்னொரு வட்டம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் தடாப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். நாட்டுக்குள் ரோமிங் கட்டணம் என்பது 2017 வாக்கில் பெரும்பாலும் மறைந்துவிட்டதால் காசுக்குப் பயமில்லை. ஆனால் சில போன்களில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் கோடு முழுசாகக் காட்டும், நெட் மட்டும் ஓடாது. லேப்டாப்பை நோண்டுவதற்கு முன் போனின் அந்த ஒரு பொத்தானைப் பார்ப்பது நல்லது.

இனி பெட்டி.

சிவப்பு விளக்கு சொல்வது

இப்போது வீடுகளுக்கு வரும் இணைப்பு பெரும்பாலும் ஃபைபர். 2011இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய ஒளியிழைத் திட்டம் பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் அதன் இரண்டாம் கட்டம் மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 12,525 கிராம ஊராட்சிகளை இழையால் இணைப்பது அதன் வேலை. அதற்கு முன்பே தனியாரும் உள்ளூர்க் கேபிள்காரர்களும் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயரை இழுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கறுப்பு உறைக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். அதன் நடுவில் வெளிச்சம் ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

இந்த வெளிச்சம் வந்து சேர்கிறதா என்பதைப் பெட்டியின் இரண்டு விளக்குகள் சொல்லும். 'பான்' என்று எழுதியது பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். 'எல்ஓஎஸ்' என்று எழுதியது எரியவே கூடாது. எல்ஓஎஸ் சிவப்பாகச் சிமிட்டினால் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். அப்போது லேப்டாப்பை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை. ஒயரை மட்டும் பார்க்கலாம். பெட்டியின் பின்னால் பச்சை முனை கொண்ட மஞ்சள் ஒயர் ஒன்று சொருகியிருக்கும். அது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறதா? வீடு கூட்டும்போது இழுபட்டதா? அதிகம் இருப்பதைச் சுருட்டி, கூரான மடிப்போடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்களா? கண்ணாடி இழை உடையாவிட்டாலும், கூராக மடங்கினாலே வெளிச்சம் உறைப் பக்கம் கசிந்துவிடும். மடிப்பை நீக்கியதும் நெட் வந்த வீடுகள் உண்டு.

அந்தப் பச்சை முனையைக் கழற்றினால் இரண்டு எச்சரிக்கை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது; உள்ளே வருவது லேசர், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அலைநீளம். விரலால் துடைக்கவும் கூடாது. 9 மைக்ரான் வாசலை அடைக்க விரல் ரேகையின் பிசுக்கு தாராளமாகப் போதும். நீல முனை ஒயர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்துச் சொருகுவதும் வேண்டாம். பச்சை முனையின் கண்ணாடி எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலம் நேராகத் தேய்த்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. வெளிச்சம் பாதியில் திரும்பிவிடும்.

ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது, சிவப்பு மட்டும் போகவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். கேபிள்காரரிடமிருந்து வரும் ஒரே இழையை ஸ்ப்ளிட்டர் பெட்டியில் பிரித்து 32, 64 வீடுகளுக்குக் கொடுப்பதுதான் ஏற்பாடு. அதே கேபிள்காரரிடம் வாங்கும் பக்கத்து வீட்டிலும் சிவப்பு என்றால், எங்கோ ஜேசிபி தோண்டியிருக்கிறது, அல்லது லாரியின் தார்ப்பாய் ஒயரை இழுத்துப் போயிருக்கிறது. நெடுஞ்சாலை ஓர ஊருக்கு இரண்டுமே புதிதில்லை. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் அடித்துப் போனது போன்ற நாளில், கரண்ட் வந்த பிறகும் இந்தச் சிவப்பு விளக்கு போகப் பொறுமையாகத்தான் இருக்க வேண்டியிருக்கும்.

வேலையாள் வந்து கையடக்கக் கருவியை மாட்டிவிட்டு "மைனஸ் 28 காட்டுதுங்க" என்பார். அது வெளிச்சத்தின் அளவு. வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 27ஐத் தாண்டினால் மழை பெய்தாலோ காற்றடித்தாலோ அறுந்து அறுந்து வரும். பல ரூட்டர்களின் உள்பக்கத்திலேயே இந்த எண் தெரியும் என்பதால், ஆள் வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

தேனியில் கண்டுபிடித்தது

விளக்கெல்லாம் எரிகிறது, நெட் மட்டும் ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் வருவதில்லை. இந்த ரகப் பழுதுக்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு உண்டு.

2000களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய குழுவும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். தேனியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்து, கோபுரங்களில் ஆன்டெனா கட்டி, பல கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபை அனுப்பினார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொன்னார். தர்மசாலாவிலும் இதே போன்ற வலைப்பின்னல் ஒன்று ஓடியது. இரண்டையும் பல ஆண்டு பராமரித்த அனுபவத்தை 2008இல் அவர்கள் கட்டுரையாக எழுதினார்கள். கட்டிமுடித்த சாதனையைவிட, கட்டியது நின்று நின்று போன கதைதான் அதில் அதிகம்.

அவர்கள் பார்த்த பழுதுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அலையோ மென்பொருளோ இல்லை, தரமில்லாத மின்சாரம். கிராமத்து மின்சாரத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்தபோது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் 70க்கும் கீழே இறங்கியது, சில நேரம் 350க்கும் மேலே போனது, கணநேரத் துடிப்புகள் ஆயிரம் வோல்ட் வரை எகிறின. கரண்ட் முழுசாகப் போவதைவிட இதுதான் கொடுமை. வோல்டேஜ் மெல்லச் சரியும்போது ரூட்டர் அணைந்தும் போகாது, வேலையும் செய்யாது. விளக்கு எரியும், மூளை உறைந்து நிற்கும். யாராவது போய் அணைத்துப் போட்டால்தான் மீளும். ஆகவே வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் மின்சாரத்தைச் சுத்தமாகத் துண்டித்துவிட்டு, சரியானதும் மறுபடி கொடுக்கும் சின்ன சர்க்யூட்டை அவர்கள் தயாரித்துப் பொருத்தினார்கள். பல கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் சுவிட்சைத் தட்டுகிற வேலை அதற்குப் பிறகு குறைந்தது.

இந்தப் பாடம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு அப்படியே பொருந்தும். கனரக மோட்டாரும் உலையும் ஓடும் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் புதிதாக யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலையில் டியூப் லைட்டைப் பார்த்தாலே போதும். வீட்டு ரூட்டரில் இந்த அடியை முதலில் வாங்குவது சுவரில் தொங்கும் அடாப்டர். அதன் முதுகில் பொடி எழுத்தில் '12 வோல்ட், 1 ஆம்பியர்' என்றோ '1.5 ஆம்பியர்' என்றோ இருக்கும். உள்ளே உள்ள கெப்பாசிட்டர் வெயிலிலும் ஏற்ற இறக்கத்திலும் உப்பிப்போனால், வெளியே 12க்குப் பதில் பத்தோ பத்தரையோதான் வரும். ரூட்டர் எரியும். யாரும் பயன்படுத்தாதபோது சமாளிக்கும். நாலு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கி மின்தேவை கூடியதும் மயங்கி விழுந்து, தானே மறுபடி கிளம்பும். வீட்டுக்காரர் நெட் கம்பெனியைத் திட்டுவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்து வரிசையாக மறுபடி எரிகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தால் போதும். பெட்டியில் சொருகும் பின் தளர்ந்து ஆடுகிறதா என்று லேசாக அசைத்துப் பார்க்கலாம். எலக்ட்ரிக் கடையில் மல்டிமீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் அளந்து கொடுப்பார்கள். புது அடாப்டர் வாங்கினால் வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே எண்ணோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. செட்டாப் பாக்ஸின் அடாப்டரில் பின் பொருந்துகிறதே என்று எடுத்துச் சொருகுவது விஷப்பரீட்சை. ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. இந்தப் பகுதியில் வேகமான பிளானுக்கு மாறுவதைவிட அதற்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஊசி ஓட்டை

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் செய்வது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் நடக்கும் கூத்துதான் கேபிள்காரர்களின் பெரிய தலைவலி.

சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் பொறுத்துப் போட்டால், ரூட்டரின் நினைவில் தேங்கிய குப்பை போகும். நிறுவனத்திடம் புதிதாக முகவரி கேட்டு வாங்கும். தாராளமாகச் செய்யலாம். பின்பக்கத்தில் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருக்கிறதே, அதற்குள் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது ரீசெட். அது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோகும். வை-ஃபை பெயரும் கடவுச்சொல்லும் போகும். பல இணைப்புகளில் நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ளே பதிந்திருக்கும், அதுவும் போகும். இப்போது உண்மையாகவே நெட் இல்லை. இணைப்பு கொடுக்க வந்த அன்றே அந்தப் பெயரையும் சொல்லையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அடியில் ஒட்டி வைத்தால் இந்த அவதி இல்லை.

ரூட்டருக்குள் நுழையும் 'அட்மின்' கடவுச்சொல்லை மாற்றி வைப்பதும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களைத் தீநிரல் ஒன்று தாக்கியபோது மாட்டிக்கொண்டவை, பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று வந்தபடியே விடப்பட்டிருந்த பெட்டிகள். மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நிறுவனமே அப்போது அறிவுறுத்தியது.

லேப்டாப்பின் பொய்யும் மெய்யும்

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்கிறது. இந்த வாசகத்தை லேப்டாப் எப்படி முடிவு செய்கிறது என்பது சுவாரசியமானது. விண்டோஸ் பின்னணியில் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு முகவரிக்குப் போய், துளியூண்டு கோப்பு ஒன்றைக் கேட்கிறது. அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று மூன்றே சொல் இருக்கும். அது வந்தால் நெட் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே விபிஎன், வைரஸ் தடுப்பு, அலுவலக ப்ராக்ஸி ஏதாவது அந்த ஒரு கோப்பை மறித்தாலும், நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இல்லை' என்று சொல்லிவிடும். வாசகத்தை நம்பாமல் நாமே சோதித்துவிடலாம்.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி-எம்-டி என்று தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்துகளில் தட்டி என்டர் கொடுத்தால், லேப்டாப்பின் முகவரி தெரியும். 192.168 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று 1996இல் ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் சண்டை வருவதில்லை. 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் ரூட்டர் முகவரி கொடுக்காததால் லேப்டாப் தானே வைத்துக்கொண்ட எண் அது.

ஏன் கொடுக்கவில்லை? சிப்காட் பக்கத்து வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு அறை, அறைக்கு நாலைந்து பேர், ஆளுக்கொரு போன், சிலரிடம் லேப்டாப், மொத்தத்துக்கும் ஒரே ரூட்டர். முகவரி கொடுப்பது லாட்ஜ் கவுன்டரில் சாவி கொடுப்பதைப் போலத்தான்: சாவி தீர்ந்தால் அறை இல்லை. ஊருக்குப் போனவரின் சாவியும் கெடு முடியும்வரை, பல பெட்டிகளில் ஒரு நாள் வரை, திரும்பி வராது. வை-ஃபையில் 32 கருவிதான் என்று வரம்பு வைத்த வீட்டு ரூட்டர்களும் உண்டு. முப்பத்து மூன்றாவதாக வந்தவர் சரியான கடவுச்சொல்லோடு வெளியே நிற்பார். அவர் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு நேர்மாறான பழுது தொழிற்சாலை மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு வருவது. மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி பெட்டியோடு பேச, லேப்டாப்பின் லேன் பின்னுக்கு 192.168.0.10 போல ஒரு எண்ணைக் கையால் எழுதி வைப்பார்கள். வேலை முடியும், எண் அப்படியே இருக்கும். வீட்டு ரூட்டரோ 192.168.1.1இல் உட்கார்ந்திருக்கும். வை-ஃபையில் நெட் வரும். வேகம் வேண்டுமென்று லேன் ஒயரைச் சொருகினால் வராது. ஒயரையும் ரூட்டரையும் மாற்றிப் பார்த்து நொந்துபோவார்கள். வை-ஃபைக்கும் லேன் பின்னுக்கும் அமைப்பு தனித்தனி என்பதுதான் விடை. நெட்வொர்க் அமைப்பில் 'தானாகப் பெறு' என்று மாற்றினால் முடிந்தது.

முகவரி சரியாக இருந்தால் அடுத்தது பிங். பி-ஐ-என்-ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு, ரூட்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் முஸ், வலைப்பின்னல் விசித்திரமாக நடந்துகொண்டதற்குக் காரணம் தேடி ஒரே ராத்திரியில் எழுதிய நிரல் இது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது. முதலில் ரூட்டருக்கு. பதில் வராவிட்டால் பழுது வை-ஃபையிலோ ஒயரிலோ. வந்தால் அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு. அது 2009 முதல் கூகுள் நடத்தும் பொதுச் சேவையின் முகவரி. ரூட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லாவிட்டால் தடை ரூட்டருக்கு வெளியே. அதுவும் சொன்னால் கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பழுது டிஎன்எஸ்ஸில்.

பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தது. இது நின்றால் இணையமே நின்றதாகத் தோன்றும். அதற்கு ஓர் உதாரணம் உண்டு. எஸ்டோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பைக் கள்ளத்தனமாக மாற்றித் தங்கள் சர்வருக்குத் திருப்பியிருந்தது. 2011 நவம்பரில் கும்பல் பிடிபட்டது. சர்வரை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, 2012 ஜூலை 9 அன்றுதான் நிறுத்தினார்கள். அமைப்பைத் திருத்தாமல் விட்டவர்களுக்கு அன்று ஒயரும் ரூட்டரும் நன்றாகவே இருந்தன, நெட் மட்டும் இல்லை. இன்றைக்கும் வீட்டில் டிஎன்எஸ் சந்தேகம் வந்தால் லேப்டாப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதிப் பார்க்கலாம். ஓடினால் குறை நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில்.

பழைய லேப்டாப்புக்கென்று ஒரு தனிக் குறிப்பு. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அந்தத் தலைமுறைக் கருவிகள் பல இன்னும் தம்பி தங்கைகள் கையில் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான தளங்கள் தங்கள் சான்றிதழைத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் ஒவ்வொன்றாகத் திறக்க மறுக்கும். பார்க்கிறவருக்கு நெட் இல்லாதது மாதிரியே தெரியும். மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் திருத்தினால் போதும்.

அலையின் வழி

வை-ஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தியா 2005இல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கேட்க ஆளில்லாத பொதுப் பாதை என்பதால் பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேயே ஓடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் பாதையில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு அந்த இரண்டாவது பாதை தெரியவே தெரியாது. ரூட்டர் அதில் மட்டும் ஒலிபரப்பினால் பட்டியலில் பெயரே வராது. தகரக் கூரையும் இரும்பு பீரோவும் இரண்டு அலைக்கும் எதிரி. பீரோ மேல் மூட்டைக்குப் பின்னால் ரூட்டரை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்பதில் நியாயமில்லை. சந்தேகமா, லேன் ஒயரால் லேப்டாப்பை நேராக ரூட்டரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒயரில் பறந்து காற்றில் நொண்டினால் பழுது அலையில்.

இடைஞ்சல் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபெர்ஹோசன் கிராமம் சாட்சி. அங்கே ஒன்றரை ஆண்டாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்கப் பிராட்பேண்ட் படுத்தது. ஓப்பன்ரீச் நிறுவனம் கேபிளை மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் மழையில் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, விடியலில் ஒரு வீட்டிலிருந்து மின் இரைச்சல் கிளம்புவதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் ஏழு மணிக்குப் போடும் பழைய டிவிதான் காரணம். 2020இல் செய்தி வெளியானது. டிவி அதற்கு முன்பே நிரந்தரமாக அணைக்கப்பட்டுவிட்டது. அது செம்புக் கம்பி இணைப்பு, ஃபைபருக்கு அந்தப் பயமில்லை. ஆனால் பொறியாளர்கள் பிடித்த முனை எல்லா இடத்துக்கும் பொருந்தும்: தினமும் ஒரே நேரத்தில் நெட் போகிறதா? அந்த நேரத்தில் வீட்டில், பக்கத்தில், எது ஓடத் தொடங்குகிறது?

சில நாள் எல்லாமே சரியாக இருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் பராமரிப்பு வேலையில் தவறு செய்து, தன் வலைப்பின்னலையே உலக வரைபடத்திலிருந்து அழித்துக்கொண்டது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் கிடந்தன. நம் ஊரில் அப்போது இரவு. வாட்ஸ்அப் வராததால் ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். வேறொரு தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் தூங்கப் போயிருக்கலாம்.

எல்லாம் பார்த்தாயிற்று, பழுது வெளியேதான் என்று தெரிந்தால் புகாரை விவரமாகச் சொல்ல வேண்டும். "அண்ணே, நெட் வரலை" என்பதற்கும், "அண்ணே, சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எல்ஓஎஸ் சிவப்பு, அணைச்சுப் போட்டாச்சு, பக்கத்து வீட்டுலயும் இல்ல" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதல் புகாருக்கு ஒரு பையன் வெறுங்கையோடு வந்து ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். இரண்டாவதற்கு இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் நேராகக் கம்பத்துக்குப் போவார். பெரிய நிறுவனங்களின் இணைப்பென்றால் புகாருக்கு ஒரு டாக்கெட் எண் கொடுப்பார்கள். அதைக் கட்டாயம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, புகார் மையம் குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த டாக்கெட் எண்தான்.